காரைக் கொண்டு வருவதா, காசைக் கொண்டு வருவதா?

கட்டாரில் பல வருடம் உழைத்த என் தம்பி, ஊரோடு தங்க முடிவெடுத்ததும் கேட்டது, "நாநா, காரையும் கப்பலில் ஏற்றவா?" என்றுதான். ஊரார் முன் சொந்தக் காரில் வந்திறங்க ஆசை. மாத்தளையில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்யும் எனக்கோ எதற்கும் முதலில் கணக்கு.

அங்கே வாகனம் வீதியின் வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம். இங்கே எல்லாம் மறுபக்கம். இடப்பக்க ஸ்டியரிங் காரை இங்கு பதிவது சாதாரண ஆளுக்கு ஆகாத காரியம்.

சரியான காராக இருந்தாலும் செலவு லேசல்ல. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வாகனத்தின் வயதுக்கு எல்லை உண்டு. சுங்கத் தீர்வை, இயந்திரக் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரி, அவற்றின் மேல் 2024 முதல் 18 வீதமான வற் வரி. துறைமுகத்தில் சுணங்கினால் அதற்கும் கட்டணம்.

தம்பி காரை அங்கேயே விற்றான். மாத்தளைக்கு பஸ்ஸில்தான் வந்திறங்கினான், முகம் வாடியிருந்தது. அந்தக் காசு இன்று எங்கள் கடையில் மிளகு மூட்டைகளாக அடுக்கியிருக்கிறது. கடையில் அவனும் பங்காளி.

வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: கப்பலில் ஏற்ற முன், சுங்கத்திலும் இறக்குமதி ஏற்றுமதி கட்டுப்பாட்டுத் திணைக்களத்திலும் எழுத்தில் கேளுங்கள்.