கூழ் என்னும் சொல்லின் பொருள்விரிவும் ‘பல்ப்’ என்பதற்கான கலைச்சொல்லாக்கமும்

மென்மையான, குழைந்த பொருளைக் குறிக்கும் ‘பல்ப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் ‘கூழ்’ பரவலாக வழங்குகிறது. மாங்கூழ், மரக்கூழ், காகிதக்கூழ், பற்கூழ் ஆகியவை அவ்வாறு அமைந்தவை. இவை அனைத்திலும் அச்சொல் ஒரே அளவில் பொருந்துகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. செவிலிமேட்டு வழக்கும் திருக்குறள் ஆட்சியும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திருக்குறளில் கூழ்

கூழ் என்றவுடன் இன்றைய வாசகர் மனத்தில் தோன்றுவது கேழ்வரகுக் கூழே. வள்ளுவர் காலத்தில் நிலை வேறு. குழந்தையின் கை அளாவிய உணவைப் பேசும் 64-ஆம் குறளில் வரும் கூழுக்குப் பரிமேலழகர் சோறு என்றே பொருள் கொள்கிறார். 381-ஆம் குறளில் அரசனுக்குரிய ஆறு உறுப்புகளுள் ஒன்றாக அச்சொல் நிற்கிறது. அங்கு உணவுக்கு ஏதுவாகிய பொருள், அதாவது செல்வம், என்பது அவர் கருத்து. கொடுங்கோன்மை அதிகாரத்து 554-ஆம் குறளிலும் செல்வமே பொருள். 550-ஆம் குறளின் ‘பைங்கூழ்’ விளைநிலத்துப் பயிரைக் குறிக்கிறது.

உணவின் பெயர் அதனைத் தரும் பயிருக்கும், அதனை ஈட்ட உதவும் செல்வத்திற்கும் ஆகி வந்திருப்பதால் இவ்விரண்டையும் காரியவாகுபெயர் எனலாம். மூன்று பொருள்களையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பதிவு செய்துள்ளது. பிற்காலத்தில் பயிரும் செல்வமும் பேச்சு வழக்கிலிருந்து நீங்கின. சோறும் நீங்கி, ஏழையின் நீர்த்த உணவே எஞ்சியது. ‘கூழுக்குப் பாடியவர்’ என ஔவையாரைப் பற்றி வழங்கும் மரபில் இந்தச் சுருக்கம் முழுமை பெற்றுவிட்டது. இதனை மறந்து 64-ஆம் குறளைப் படிப்போர் அங்கு வறுமையின் காட்சியைக் காண்கின்றனர். வகுப்பறையில் இப்பிழையைப் பலமுறை கேட்க நேர்ந்ததே இவ்வாய்வுக்குத் தூண்டுதல்.

வழக்கில் கூழும் கஞ்சியும்

பரிமேலழகர் வாழ்ந்த ஊராகக் கருதப்படும் காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்தது செவிலிமேடு. இப்பகுதியில் ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கின்றனர். புளிக்க வைத்த கேழ்வரகு மாவை நொய்யுடன் வேகவைத்து, மோர் கலந்து, வெங்காயத்துடன் வழங்குவர். அதே மாவு கெட்டியாக இறுகினால் களி. அதனைக் கிண்டுவர், உருட்டுவர். கூழை ஊற்றுவர், வார்ப்பர். ஒரு பொருளின் பதத்தை அதனுடன் சேரும் வினைச்சொல்லே காட்டிவிடுகிறது.

நெசவில் வழங்கும் சொல் கஞ்சி. பட்டுப்பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டி அரிசிக் கஞ்சி தோய்ப்பது காஞ்சிபுரத்து முறை. இழைக்கு விறைப்புத் தரவேண்டும், இழைகளோ ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது. எனவே நீர்மை மிகுந்த கஞ்சியே ஏற்றது. உணவில் அண்டை வீட்டுச் சொற்களாகிய இரண்டும் தறியின் அருகில் இடம் மாற்றிக்கொள்வதில்லை. கூழுக்குரிய வரையறையை இதிலிருந்து பெறலாம்: அரைத்தோ கரைத்தோ வேகவைத்தோ செய்யப்பட்டது, வடிவம் இழந்தது, கஞ்சியைவிடக் கெட்டியானது, ஊற்றத்தக்கது.

‘பல்ப்’ தரும் சிக்கல்

ஆங்கிலச் சொல்லின் மூலம் தசை எனப் பொருள்படும் ‘புல்பா’ என்னும் இலத்தீன் சொல். பழத்தின் உள்ளிருக்கும் சதையையும் அது சுட்டும். அதனைப் பிழிந்து அரைத்த குழம்பையும் சுட்டும். தமிழ் இவ்விரண்டையும் பிரித்தே காண்கிறது. மரத்தில் தொங்கும் மாம்பழத்தினுள் இருப்பது சதை. கிருஷ்ணகிரி ஆலைகளில் அது அரைபட்ட பின்னரே மாங்கூழ். மரத்தையோ, புகளூர்க் காகித ஆலையில் போலக் கரும்புச் சக்கையையோ நாராகச் சிதைத்து நீரில் கலந்தது காகிதக்கூழ். இவை பொருத்தமான ஆக்கங்கள்.

1896-இல் அமெரிக்காவின் ‘ஆர்கசி’ இதழ் மலிவான மரக்கூழ்த் தாளுக்கு மாறியது. தாளின் பெயர் பின்னர் அவ்வகை இதழ்களுக்கும் கதைகளுக்கும் ஆகிவந்தது. இங்குக் கூழ் உதவாது. ‘கூழ்க்கதை’ என்றால் யாருக்கும் விளங்காது; தமிழில் இதற்கு அளவு கருதிய ‘பாக்கெட் நாவல்’ என்னும் பெயர் முன்பே உண்டு. ‘பல்ப்’ என ஒலிபெயர்த்தாலோ மின்விளக்கு நினைவுக்கு வருகிறது.

மெய்யான தவறு ‘பற்கூழ்’ என்பதில் உள்ளது. பல்லின் நடுவே இருப்பது நரம்பும் குருதிக்குழாயும் கொண்ட உயிருள்ள திசு. அது அரைக்கப்பட்டதும் அன்று, வடிவம் இழந்ததும் அன்று. பல் மருத்துவத்தைத் தமிழில் படிக்கும் ஒருவர், அழுகிக் குழைந்த ஏதோ ஒன்று பல்லுக்குள் இருப்பதாகவே அச்சொல்லால் கருதக்கூடும். ‘பற்சதை’ எனலாம் எனின் அது ஈறு என மயங்க இடமுண்டு. ஆதலின் ‘பல்லுட்சதை’ என்னும் ஆக்கத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. ஓசை சற்றுக் கரடுமுரடானதே; இதனினும் எளிய சொல் பல் மருத்துவர் வழக்கில் இருப்பின் அதனையே கொள்ளலாம்.