எங்குமுள்ள பொருளும் காண்பானது எல்லையும்

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பது சைவ மக்கள் இளமை முதற் கேட்டுவரும் உண்மை. அங்ஙனமாயின், அவனை வழிபடக் கோயிலுக்குச் செல்வது எற்றுக்கு என மாணவர் வினவுவர். இவ்வினா எளியதன்று. முடிவின்மை யாது, அதனைக் காண்பானது நிலை யாது என்னும் இரண்டையும் ஆராய்ந்தே இதற்கு விடை கூறல் வேண்டும்.

ஹெவ்லொக் டவுனுக்கு மேற்கே, வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்கும் ஒருவனை எண்ணுக. அவன் கண் நீர்மட்டத்திற்கு ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருப்பின், அடிவானம் 4 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் தோன்றும். 30 மீற்றர் உயர்ந்த மாடியிலேறி நோக்கின், அது ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தொலைவிற்கு விலகும். கடல் வளர்ந்திலது, காண்பானது நிலையே மாறியது. ஆகவே அடிவானம் கடலின் எல்லையன்று, காட்சியின் எல்லையேயாம்.

அளவைப் பெருக்கிக்கொண்டே சென்று முடிவின்மையை எய்தலாமோ எனின், எய்தலாகாது. 1, 2, 3 எனத் தொடரும் எண்களுள் இரட்டை எண்கள் பாதியே எனத் தோன்றும். எனினும் 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6 என இணைத்துச் செல்லின் இருபாலும் ஒன்றும் எஞ்சாது. முடிவிலிகளுள்ளும் ஒன்றினொன்று பெரியது உண்டென்பதற்கு வழிகாட்டிய நிறுவலை ஜெர்மானியக் கணித அறிஞர் கான்டர் 1874இல் வெளியிட்டார். எண்ணின்பாற்பட்ட அம்முடிவிலிகள் அனைத்தையும் கடந்த முடிவின்மையை அவர் இறைவனுக்கே உரியதாக்கினார்.

இறைவனது வியாபகமும் அளவின் பெருக்கமன்று. குடத்தில் நீர்போல அவன் நிறைந்திருப்பின், கொட்டாஞ்சேனையில் ஒரு கூறும் வெள்ளவத்தையில் ஒரு கூறுமாகப் பிரிபட்டிருப்பான். பிரிவின்றி யாண்டும் முழுமையாய் நிற்றலே வியாபகம். 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார் பன்னிரு சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதம், உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் இறைவன் நிற்பான் என உணர்த்தும். உயிரும் இயல்பில் வியாபகமுடையதே. அதனை அணுப்போலக் குறுகச்செய்வது ஆணவமலம் என்பது சித்தாந்தம். எனவே இறைவன் மறைந்து தோன்றுவதற்குக் காரணம், நம் அறிவிற் படிந்த எல்லையேயாம்.

இனி, முதலில் எழுந்த வினாவிற்கு வருவோம். பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுமாறு விதிக்கின்றது. கொட்டாஞ்சேனையில் 1857இல் பொன்னம்பல முதலியார் நிறுவி, பின்னர் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தின் மதில்கள் இறைவனை அடைப்பன அல்ல. பல திசையிற் சிதறும் நம் உள்ளத்தை ஒருமுகப்படுத்துவன. ஆலயத்தில் மாத்திரமே அவன் உளன் என்பார் தம் அடிவானத்தையே கடலின் முடிவெனக் கொள்வர். ஆலயமே வேண்டா என்பார் தாம் நிற்கும் நிலையை மறப்பர். அச்சூத்திரம் ஆலயத்தோடு அடியாரையும் சேர்த்து ஓதியமையால், கோயிலிற் கைகூப்பியவர் வெளியே வந்ததும் எதிர்ப்படுவாரிடத்தும் அவ்வன்பைச் செலுத்துதலே முறையாகும்.