பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா?

2021 ஜூலையில் கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலை செய்துவந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களால் இறந்தாள். அவள் மலையகத்தில் ஹோட்டன் சமவெளிக்கு அருகிலுள்ள டயகமவைச் சேர்ந்தவள். மலையகமே தெருவில் இறங்கி, அவளுக்கு அங்கே என்ன நடந்தது என்று கேட்டது. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இப்படி வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளிடம், “உனக்குப் போக விருப்பமா?” என்று புறப்படுமுன் யார் கேட்கிறார்கள்? பெற்றோரைக் குற்றம் சொல்லவில்லை. சம்பளம் போதாத தோட்ட லயத்தில் விருப்பத்தைக் கேட்பதே ஆடம்பரமாகத் தோன்றும்.

ஆனால் அப்படிக் கேட்கப்படுவது பிள்ளையின் உரிமை. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை இதைச் சொல்கிறது. சொந்தமாக ஒரு கருத்து உருவாக்கக்கூடிய பிள்ளை, தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் அதைச் சொல்லலாம். வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். இலங்கை 1991இல் இந்தச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது.

“அப்போ பிள்ளை சொல்றபடியா ஆடணும்?” என்பார்கள். இல்லை. முடிவு பெரியவர்களுடையதாகவே இருக்கலாம். பிள்ளை சொன்னதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும், வேறு முடிவு எடுத்தால் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டாவதைத்தான் நாம் செய்வதேயில்லை. ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு 2009இல் தந்த விளக்கத்தின்படி கருத்துச் சொல்லக் குறைந்தபட்ச வயது கிடையாது. பேச்சு வராத குழந்தையின் முகமும் விளையாட்டும்கூடக் கருத்துத்தான். வாய் திறக்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்தவும் கூடாது.

அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகக் கூடாது என்றது. 2022இல் அது 2 வயதாகக் குறைந்தது. பிள்ளையின் வயதை எண்ணினார்கள். பிள்ளையின் மனதை எண்ண விதி வேண்டியதில்லை, வீட்டிலேயே கேட்கலாம். “சித்தி வீட்ல இருக்க மாட்டேன்” என்று பிள்ளை சொன்னால் அடம் என்று தள்ளாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். அந்த வீட்டில் இரவில் யார் வருகிறார்கள், யாரைக் கண்டால் பயம் என்பது பிள்ளைக்கு மட்டுமே தெரிந்திருக்கலாம். அதைச் சொல்ல வைக்காமல் பிள்ளையைப் பாதுகாக்க முடியாது.

நம் சட்டத்தில் இந்த உரிமை அங்கங்கே இருக்கிறது. தத்தெடுப்பில் 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதம் வேண்டும். துஷ்பிரயோக வழக்குகளில் பிள்ளையிடம் முதலில் எடுக்கும் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. பிள்ளை நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிதைவதை இது குறைக்கலாம். ஆனால் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007இன் 56ஆம் இலக்கச் சட்டம் பிள்ளையின் நலனே முதன்மையானது என்று எழுதிவிட்டு, பிள்ளையிடம் கேட்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நலன் எதுவென்று பெரியவர்களே தீர்மானித்துக்கொள்ள அது வசதிதான்.

ஊர் மட்டத்தில், நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் அமைக்கும் சிறுவர் கழகங்கள் உண்டு. உங்கள் பிரிவில் கழகம் இருக்கிறதா, கூடுகிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். சிறுவர் தினத்தில் பாட்டுப் பாட மட்டும் கூடுகிற கழகத்தால் பயனில்லை. குழாய்த் தண்ணீரும் பாடசாலைப் பாதையும் அங்கே பேசப்பட வேண்டும்.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது 2021 முதல் குற்றம். அதே வயதுவரை பாடசாலையும் கட்டாயம். யாராவது மீறினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழைக்கலாம். இலவசம், தமிழில் பேசலாம். பெரியவர்கள்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. பிள்ளையே அழைக்கலாம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.