நாசிக்: காலையில் குகை, மாலையில் கோப்பை

மும்பையிலிருந்து கசாரா மலைப்பாதை ஏறி ஏறக்குறைய 170 கிலோமீட்டர் போனால் நாசிக். கோதாவரியில் முங்கி எழவும் கும்பமேளாவுக்கும் தலைமுறை தலைமுறையாக ஜனம் போய்வந்த ஊர். இப்போது சனிக்கிழமைகளில் அதே சாலையில் இன்னொரு கூட்டமும் போகிறது. அலுவலகத் தோழர்கள், பழைய கல்லூரிக் கோஷ்டிகள், பிறந்தநாள் கொண்டாடும் இளவட்டங்கள். இவர்கள் தேடிப் போவது ஒயின் ஆலைகளை.

மும்பையிலிருந்து வருகிறவர்களுக்கு ஊருக்குள் நுழையும் முன்பே நெடுஞ்சாலை ஓரத்தில் பாண்டவலேணி குன்று வந்துவிடும். வெயில் ஏறுமுன் படியேறிவிடுவது நல்லது. பெயரில் பாண்டவர் இருந்தாலும், இங்குள்ள 24 குகைகளும் பெரும்பாலும் பௌத்தத் துறவிகளுக்காகக் குடையப்பட்டவை. 3-ஆம் குகையில் சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணியின் வெற்றிகளை அவன் தாய் கௌதமி பாலஸ்ரீ பொறித்து வைத்திருக்கிறாள். 10-ஆம் குகையில் இருப்பது இன்னும் சுவாரசியம். சக மன்னன் நகபானனின் மருமகன் உஷவதாதன், கோவர்த்தனம் என்ற ஊரின் நெசவாளர் சங்கங்கள் இரண்டில் 3,000 காசுகளை முதலீடாகப் போட்ட கணக்கு அது. 2,000 காசுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று, மீதி ஆயிரத்துக்கு முக்கால் என்று வட்டி. அந்த 2,000 காசின் வட்டியில் துறவிகளுக்குத் துணி. கிட்டத்தட்ட 1,900 ஆண்டுக்கு முந்தைய நிரந்தர வைப்பு ரசீது!

அந்தக் கோவர்த்தனம், நாசிக்கை ஒட்டி கங்காப்பூர் சாலையில் இன்றும் ஒரு கிராமமாக இருக்கிறது. சூலா ஒயின் ஆலை நிற்பது அங்கேதான்.

சூலாவைத் தொடங்கிய ராஜீவ் சாமந்த், ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்து கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளில் ஊர் திரும்பி, குடும்ப நிலத்தில் மா, ரோஜா என்று எதையெதையோ வைத்துப் பார்த்துவிட்டு, 1997-இல் சாவின்யோன் பிளாங்க், செனின் பிளாங்க் கொடிகளை நட்டார். ஆலைக்குத் தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கி வைத்தார். 2000-இல் முதல் ஒயின் சந்தைக்கு வந்தது. 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்து சலுகைகள் தர, சுற்றுவட்டாரத்தில் ஆலைகள் முளைத்தன. 2005-இல் சூலா தன் தோட்டத்திலேயே ருசிபார்க்கும் கூடம் திறந்தபோது சுற்றுலாவும் சேர்ந்துகொண்டது.

ஆனால் உள்ளே போனதும் கோப்பையை நோக்கி ஓடுகிறவர்கள், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுகிறார்கள். கொடிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உலகின் பேர்பெற்ற ஒயின் பகுதிகள் பெரும்பாலும் 30-க்கும் 50-க்கும் இடைப்பட்ட அட்சரேகைகளில் இருக்கின்றன. நாசிக் இருப்பது 20-இல். ஐரோப்பாவில் கடும் குளிரில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும், இலையுதிர் காலம் நெருங்கும்போது பழம் தரும். இங்கே கொடி தூங்குவதே இல்லை. அதன் போக்கில் விட்டால் மழைக்காலத்தில் காய்த்து, பூஞ்சணம் பிடித்து நாசமாகும். அதனால் ஆண்டுக்கு இரண்டு கவாத்து. கோடையில் ஒன்று, புதுக் கிளைகளுக்காக. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, பழத்துக்காக. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்கிற ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. கத்தரிக்கோலை வைத்தே கொடியின் நாட்காட்டியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

நம் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. கவாத்துத் தேதியை முன்பின் தள்ளி ஆண்டு முழுக்கப் பன்னீர் திராட்சை பறிக்கிறவர் அவர். ஆனால் அது பெரும்பாலும் தின்னும் பழம். ஒயின் திராட்சை உருவில் சிறியது, தோல் தடித்தது, கொட்டை உள்ளது, தித்திப்பும் அதிகம்.

அந்தத் தோலில்தான் விஷயம். கறுப்புத் திராட்சையானாலும் பெரும்பாலான ரகங்களில் சாறு நிறமற்றதே. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து தோலை நீக்கிவிட்டுப் புளிக்க வைப்பார்கள். சிவப்புக்குத் தோலோடு சேர்த்தே. ஆளுயரத்தைத் தாண்டிய எஃகுத் தொட்டிகளைச் சுற்றிக் குளிரூட்டும் உறை ஓடுகிறது. வெப்பம் கூடினால் வெள்ளை ஒயினின் மணம் பறந்துவிடும்.

ருசிபார்க்கும் மேசையில் ஐந்தாறு வகை, ஒவ்வொன்றும் இரண்டு வாய் அளவுக்கு. வெள்ளை முதலில், சிவப்பு பிறகு, இனிப்பு கடைசியில். சாவின்யோன் பிளாங்கை முகர்ந்து பார்த்து வழிகாட்டி “குடைமிளகாய் வாசம்” என்றதும் கூட்டத்தில் யாராவது சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். குடைமிளகாய்க்கு அந்த வாசத்தைத் தருகிற பைரசின் வகைச் சேர்மங்கள் இந்தத் திராட்சையிலும் உண்டு. துப்புவதற்கென்று மேசையில் ஒரு கலமும் இருக்கும். அதைத் தொடுகிற நண்பர் குழு அபூர்வம் என்பதால், இரண்டு ஆலைகளுக்கு மேல் திட்டம் போடுவது வீண். நான்காவது ஆலையில் எல்லாம் ஒரே ருசி.

சூலாவுக்குப் பக்கத்திலேயே யார்க் இருக்கிறது. 2006-இல் ஒரு குடும்பம் தொடங்கியது, 2021-இல் சூலாவின் கைக்கு வந்தது. சாயங்காலத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம். கங்காப்பூர் அணை நீருக்கு மேல் சூரியன் இறங்குவதை இங்கிருந்து பார்க்கலாம். ஓட்டுநரை வாடகைக்கு அமர்த்திக்கொள்வது உத்தமம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே.

போகிற மாதத்தையும் யோசிக்க வேண்டும். மே மாதத்தில் வெட்டிய கொடியும் வெயிலும்தான் மிச்சம். ஆகஸ்டில் மலையெல்லாம் பச்சை, அருவிகள் நிரம்பியிருக்கும், ஆனால் குலை இருக்காது. பிப்ரவரியில் போனால் காலால் திராட்சை மிதிக்கிற கொண்டாட்டமும் கிடைக்கலாம். அது பயணிகளுக்கான விளையாட்டு, ஒயின் தயாரிப்பது இயந்திரம்தான். கோதாவரி பிறக்கும் பிரம்மகிரியும் கருங்கல் திரியம்பகேஸ்வரர் கோயிலும் நாசிக்கிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பல குழுக்கள் அதை மறுநாள் அதிகாலைக்கு ஒதுக்கிவிடுகின்றன. திங்கட்கிழமை என்றால் வரிசை நீளம்.