கத்தோலிக்கப் பள்ளிச் சமூகத்தில் நற்பண்பும் இறைநம்பிக்கையும்: மலேசிய, சிங்கப்பூர்ச் சூழல் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கத்தோலிக்கத் துறவற சபைகள் நிறுவிய பள்ளிகள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையவை. லா சால் சகோதரர்கள் 1852ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் புனித ஜோசப் பள்ளியிலும் பினாங்கில் புனித சேவியர் பள்ளியிலும் தம் பணியைத் தொடங்கினர். அதே ஆண்டில் குழந்தை இயேசு சபைக் கன்னியர் பினாங்கு லைட் ஸ்திரீட்டில் பெண்களுக்கான கான்வென்ட் பள்ளியை நிறுவினர். 1854இல் அவர்களது பணி சிங்கப்பூருக்கும் விரிந்தது. கோலாலம்பூர் புனித ஜான் பள்ளி 1904இல் தோன்றியது.

இப்பள்ளிகளின் குறிக்கோளுரைகள் கருதத்தக்கவை. கான்வென்ட் பள்ளிகளின் உரை நற்பண்பில் எளிமையையும் கடமையில் உறுதியையும் வேண்டுகிறது. புனித ஜான் பள்ளியின் இலத்தீன் உரை நம்பிக்கையையும் உழைப்பையும் இணைக்கிறது. நற்பண்பு, நம்பிக்கை என்னும் இவ்விரு சொற்களையும் சட்டையில் அணிந்து சென்ற மாணவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். ஈப்போவின் புனித பிலோமினா கான்வென்ட், தைப்பிங்கின் புனித தெரேசா கான்வென்ட் ஆகிய தமிழ்ப்பள்ளிகளும் இம்மரபின் பெயரைத் தாங்கியவையே.

பிற சமயத்தவர் மிகுந்துள்ள ஒரு பள்ளியில் நற்பண்பையும் நம்பிக்கையையும் கற்பித்தல் என்பதன் பொருள் யாது? நம்பிக்கையை விலக்கி நற்பண்பை மட்டும் கற்பிக்க இயலுமா? நம்பிக்கையைக் கற்பிப்பின் அது திணிப்பாகாதா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு வகைப் பண்புகள்

கத்தோலிக்க அறவியலின் அடித்தளம் கிரேக்கச் சிந்தனையிலிருந்து பெறப்பட்டது. நற்பண்பு என்பது ஒருமுறை செய்யும் நற்செயலன்று. பலமுறை செய்து செய்து மனத்தில் நிலைபெற்ற இயல்பு என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. யாழ் வாசித்தே யாழ் கற்பதுபோல, நீதியான செயல்களைச் செய்தே ஒருவர் நீதியுடையவர் ஆகிறார். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கருத்தைக் கிறித்தவ இறையியலோடு இணைத்தார்.

அவர் வழி நின்ற மரபு பண்புகளை இரு வகையாகப் பகுக்கிறது. முன்மதி, நீதி, மனத்திடம், அளவுடைமை ஆகிய நான்கும் தலைமைப் பண்புகள். இவை மனித முயற்சியாலும் பயிற்சியாலும் ஈட்டத்தக்கவை, எச்சமயத்தவர்க்கும் உரியவை. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றும் இறையியல் பண்புகள். இவை இறைவன் அருளும் கொடை எனக் கருதப்படுகின்றன. பயிற்சி இவற்றை வளர்க்கலாம், தோற்றுவிக்க இயலாது.

தமிழ்க் கத்தோலிக்கரின் சொல்வழக்கு இங்குச் சிறு விளக்கத்தை வேண்டுகிறது. பழைய ஞானோபதேச நூல்கள் இம்மூன்றையும் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என வழங்கின. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்புக்குப் பின்னர் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்னும் வழக்கு பரவியது. எனவே முதியோர் 'நம்பிக்கை' எனக் கூறும்பொழுது வருங்காலம் பற்றிய உறுதியையும், இளையோர் அதே சொல்லால் இறைவனை ஏற்கும் மனநிலையையும் குறிக்கக்கூடும். இக்கட்டுரையில் இச்சொல் இரண்டாம் பொருளிலேயே ஆளப்படுகிறது.

மேற்கூறிய பகுப்பினின்று ஓர் உண்மை பெறப்படுகிறது. பள்ளி, தலைமைப் பண்புகளை எல்லா மாணவர்க்கும் பயிற்றலாம், பயிற்றவும் வேண்டும். நம்பிக்கையையோ அது எவர்மீதும் சுமத்த இயலாது. சுமத்தப்பட்டது கொடையாகாது. இது நாட்டுச் சட்டம் விதிக்கும் கட்டுப்பாடு மட்டுமன்று. அச்சமயத்தின் இறையியலே விதிக்கும் கட்டுப்பாடாகும்.

ஆசிரியர் ஒழுக்கமே முதற்பாடம்

லா சால் மரபின் நிறுவனர் புனித ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் (1651–1719) பிரான்சு நாட்டில் ஏழைச் சிறுவர்களுக்கெனப் பள்ளிகளை அமைத்தவர். இலத்தீனை விடுத்துத் தாய்மொழியாகிய பிரெஞ்சில் வாசிப்பைத் தொடங்கியமையும், மாணவரைத் தனித்தனியே அழைத்துக் கற்பிக்காமல் வகுப்பாக அமர்த்திக் கற்பித்தமையும் அவருடைய பள்ளிகளின் சிறப்புகள். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

நல்லாசிரியர்க்குரிய பண்புகளாக அவர் பன்னிரண்டைத் தொகுத்துரைத்தார். பெருந்தன்மையான தோற்றம், மௌனம், பணிவு, முன்மதி, ஞானம், பொறுமை, தன்னடக்கம், கனிவு, ஆர்வம், விழிப்பு, பக்தி, தாராளம் என்பன அவை. 1785இல் சகோதரர் அகத்தோன் இவற்றுக்கு விரிவான விளக்கம் எழுதினார். இப்பட்டியல் மாணவர்க்கு உரியதன்று என்பது கருதத்தக்கது. கற்பிப்பவரிடம் இல்லாத பண்பைக் கற்பவரிடம் எதிர்பார்க்க இயலாது என்பதே இதன் உட்பொருள்.

தமிழ்க் கத்தோலிக்க மரபிலும் இதற்கு இணையான சான்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் இயற்றிய வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூல், மறையைக் கற்பிக்கும் வேதியர்களுக்காக எழுதப்பட்டது. நூலின் பெயரிலேயே ஒழுக்கம் கற்பிப்பவர்க்கு உரியதாக நிற்கிறது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அவரே. பிற மரபில் தோன்றிய அறநூலைத் தம் நாட்டவர் அறியத்தக்கதெனக் கருதிய அவர்தம் செயல், தலைமைப் பண்புகள் எல்லார்க்கும் பொது என்னும் கொள்கைக்கு நடைமுறை விளக்கமாக அமைகிறது.

மறைக்கல்வியும் சமயக் கல்வியும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையை 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்டது. பிற சமயங்களோடு கொள்ளத்தக்க உறவு பற்றிய அறிக்கையும் அதே நாளில்தான் வெளிவந்தது. கத்தோலிக்கர் அல்லாத மாணவரும் பயிலும் பள்ளிகளைத் திருச்சபை பெரிதும் மதிக்கிறது எனக் கல்வி அறிக்கை தெளிவுறக் கூறுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை, நம்பிக்கை கட்டாயத்தால் வரலாகாது என வலியுறுத்தியது.

கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 1988இல் வெளியிட்ட ஆவணம் மற்றொரு வேறுபாட்டைத் தெளிவாக்கியது. மறைக்கல்வி என்பது நம்பிக்கையை ஏற்றுக்கொண்டோர் அதில் முதிர்ச்சி பெறுவதற்கானது. அதன் இயல்பான இடம் பங்குச் சமூகமும் குடும்பமுமாகும். சமயக் கல்வி என்பது கிறித்தவம் கூறுவதை அறிவு நிலையில் அறிந்துகொள்வதற்கானது. முன்னது ஏற்பை முன்னிபந்தனையாகக் கொள்கிறது. பின்னது அவ்வாறு கொள்வதில்லை. இவ்வேறுபாட்டை மறந்த பள்ளி, ஒன்று பிற சமய மாணவர்க்கு மறைக்கல்வி நடத்தி எல்லை மீறும். அல்லது அஞ்சித் தன் சமயத்தைப் பற்றி எதுவுமே கூறாது ஒதுங்கிவிடும்.

இரு நாடுகளின் சட்டச் சூழல்

மலேசியாவில் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழி மிஷன் பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகளாகத் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. தம் சமயமல்லாத சமயத்தின் போதனையைப் பெறவோ சடங்கில் பங்கேற்கவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது எனக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் விதி கூறுகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியின் ஆளுநர்கள் இசுலாம் அல்லாத சமயத்தைக் கற்பிக்க இடமளிக்கிறது. எனினும் அதற்கு நாடாளுமன்ற நிதியைப் பயன்படுத்தலாகாது; வேற்றுச் சமய மாணவர் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவின்றிக் கலந்துகொள்ளலாகாது.

1983 முதல் தொடக்கப்பள்ளியில் முஸ்லிம் மாணவர்க்கு இசுலாமியக் கல்வியும் ஏனையோர்க்கு நன்னெறிக் கல்வியும் என்னும் முறை நடப்புக்கு வந்தது. பின்னர் அது இடைநிலைப்பள்ளிக்கும் விரிந்தது. ஆகவே மிஷன் பள்ளியிலும் கத்தோலிக்க மாணவர் இந்து, பௌத்த மாணவரோடு நன்னெறி வகுப்பிலேயே அமர்கிறார். மறைக்கல்வியோ ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நடைபெறுகிறது.

நன்னெறிக் கல்வியின் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அதன் தேர்வு முறை கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. 2000ஆம் ஆண்டுகளில் இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டம் 36 நெறிகளை வகுத்திருந்தது. நெறியின் பெயரையும் வரையறையையும் சொல் பிறழாது எழுதுவதற்காக மாணவர் அவற்றை மனனம் செய்தனர். பின்னர் 2017 முதல் நடப்புக்கு வந்த பாடத்திட்டம் நெறிகளை 18ஆகச் சுருக்கியது. நற்பண்பைப் பழக்கமாகக் கருதும் மரபுக்கு, அதை வரையறையாக மனனம் செய்வது நேர்மாறானது என்பது கூறாமலே விளங்கும்.

சிங்கப்பூர் வேறொரு வழியை முயன்றது. 1984 முதல் உயர் இடைநிலை மாணவர்க்குச் சமய அறிவு கட்டாயப் பாடமாயிற்று. விவிலிய அறிவு, பௌத்தம், இந்து சமயம், இசுலாம், சீக்கியம், கன்பூசிய அறம் ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் தேர்ந்துகொண்டனர். சமய உணர்வு மிகுந்து சமூகங்களிடையே இறுக்கம் தோன்றக்கூடும் என்னும் கவலையால், 1989இல் இக்கட்டாயம் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியது. அரசு, அறத்திற்குச் சமயத்தை ஊன்றுகோலாகக் கொள்ள முனைந்து, பின்னர் அதன் இடரை உணர்ந்து விலகிய நிகழ்வு இது.

சமூகமே பாடநூல்

பாடவேளை அட்டவணையில் சமயத்திற்கு இடமில்லாத நிலையில், நற்பண்பு எங்குக் கற்பிக்கப்படுகிறது? பள்ளிச் சமூகத்தின் அன்றாட வாழ்வில் என்பதே விடை. ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஆசிரியர் தவறுதலாகக் கூட்டியதால் ஒரு மாணவிக்குப் பத்துப் புள்ளிகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவர் அதனைத் தாமே எடுத்துரைக்கிறார். நேர்மை என்பதன் வரையறை அவருக்குத் தெரிந்திருக்கலாம்; ஆனால் அவரை எழுந்து வரச் செய்தது அவ்வரையறையன்று. அதற்கு முன்னர் அதே ஆசிரியர் வகுப்பின் முன்னிலையில் தம் தவற்றை ஒப்புக்கொண்டதை அவர் கண்டிருக்கலாம். உண்மை கூறிய தோழி தண்டிக்கப்படாமல் மதிக்கப்பட்டதைக் கண்டிருக்கலாம்.

இனிப் பள்ளி என்ன செய்கிறது என்பதே முதன்மையானது. புள்ளிகள் குறைக்கப்பட்டு, நேர்மை பாராட்டப்பட்டால் அப்பண்பு வேரூன்றும். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையுமெனக் கருதி அவரை வாளாவிருக்கச் செய்தால், குறிக்கோளுரை கூறுவதைப் பள்ளியே மறுத்ததாகும். மாணவர் கற்பது சுவரில் எழுதப்பட்டதை அன்று. இத்தகைய வேளைகளில் நிகழ்வதையே.

இங்கு நம்பிக்கையின் இடம் யாது? நேர்மையைப் பிற சமயத்தவரும் சமயம் சாராதோரும் கற்பிக்கின்றனர். ஆயினும் ஒவ்வொரு பள்ளிக்கும் தன் அறத்திற்குத் தனக்கேயுரிய காரணம் உண்டு. லா சால் மரபில் பாடத்திற்கு முன்னர் இறைப் பிரசன்னத்தை நினைவுகூரும் வழக்கம் அக்காரணத்தைச் சுட்டுகிறது. மனிதர் ஒவ்வொருவரும் இறைச்சாயல் உடையவர். ஆகவே தோல்வியுற்ற மாணவரும் மதிக்கத்தக்கவர் என்பது அந்நம்பிக்கையின் விளைவு. இக்காரணத்தைப் பள்ளி மறைக்க வேண்டியதில்லை. அதற்கு இசைவு கேட்கவும் வேண்டியதில்லை. "நாங்கள் இதனால்தான் இவ்வாறு நடந்துகொள்கிறோம்" எனக் கூறுவது சான்று. "நீயும் இதனை ஏற்க வேண்டும்" எனக் கூறுவது திணிப்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையைப் பேணுவதே மிஷன் பள்ளியின் நுண்மையான கடமையாகும்.

முடிவுரை

துறவியர் நேரடியாகக் கற்பித்த காலத்தில் அவர்களது வாழ்வே சான்றாக நின்றது. அவர்களது எண்ணிக்கை அருகிவிட்ட சூழலில் அப்பொறுப்பு, இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் அடங்கிய பொதுநிலை ஆசிரியர்களிடம் வந்துசேர்ந்துள்ளது. அவர்கள் கத்தோலிக்க நம்பிக்கையைப் போதிக்க இயலாது. எவரும் அதனை அவர்களிடம் எதிர்பார்த்தலும் தகாது. ஆனால் தலைமைப் பண்புகளைத் தம் வாழ்வால் கற்பிக்க அவர்களால் இயலும். அவை எல்லார்க்கும் பொது என அம்மரபே ஏற்றுக்கொண்டுள்ளதால், அவர்கள் அம்மரபில் அயலார் அல்லர்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தவரும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நிகழ வழிவகுத்தவருமான தனிநாயகம் அடிகள் (1913–1980) கத்தோலிக்கக் குரு என்பதை இங்கு நினைவுகூரலாம். பல சமயத்தார் பயின்ற அத்துறையில் அவர் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை. அதனை எவர்மீதும் சுமத்தவும் இல்லை. நற்பண்பையும் நம்பிக்கையையும் ஒருசேரப் பேணும் பள்ளிக்கு அத்தகைய வாழ்வே தக்க விளக்கவுரையாகும்.