சிறுநீரகத்துக்குள் ஒரு நூல்கண்டு

"கிட்னியில உப்பு ஏறிடுச்சுன்னு சொல்றாங்க." சிறுநீரகப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்கள் நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். கர்ப்பிணிகள் வரிசையிலும் அதே சொல்தான்: "உப்புநீர் இருக்காம்." இரண்டு இடத்திலும் உப்பு என்கிறோம். இரண்டுமே உப்பு இல்லை. முதலில் சொன்னது ரத்தத்தில் தேங்கும் கிரியாட்டினின், தசைகளிலிருந்து வரும் கழிவு. அடுத்தது சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின் என்னும் புரதம். இந்தக் குழப்பத்தால், குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டோமே, அது போதாதா என்று மருந்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பைக் குறைப்பது நல்லதுதான். மருந்துக்கு அது ஈடாகாது.

கிரியாட்டினின் தேங்குவதற்கும் ஆல்புமின் ஒழுகுவதற்கும் பெரும்பாலும் காரணமாகும் இடம் ஒன்று. அதன் பெயர் குளோமருலஸ்.

பெயர் வந்த வழி

இலத்தீனில் 'குளோமஸ்' என்றால் நூல்கண்டு. குளோமருலஸ், குட்டி நூல்கண்டு. நம் பாடநூல்களில் 'நுண்நாளத் தொகுப்பு' என்ற சொல்லும் உண்டு. பொருளில் பிழையில்லை, ஆனால் கண்டு என்றதும் மனதில் எழும் உருவம் அதில் வருவதில்லை. எனக்குக் கண்டுதான் பிடித்திருக்கிறது.

1666இல் இத்தாலியரான மால்பிஜி சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களில் மை ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். கிளைகளில் ஆப்பிள் காய்த்தது போலச் சின்னச் சின்ன உருண்டைகள் தொங்கின. அந்த உருண்டையைச் சுற்றிய உறைதான் சிறுநீர்க் குழலாக நீள்கிறது என்று 1842இல் காட்டியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் போமன். அப்போது அவருக்கு வயது 25. அந்த உறை இன்றும் போமன் கிண்ணம் என்றே வழங்குகிறது.

கண்டுக்குள் நடப்பது

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் கண்டுகள். ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் அகலம்தான். உள்ளே வரும் ரத்தக்குழாய் அகலமானது, வெளியேறுவது குறுகலானது. அதனால் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீரும் கழிவும் சர்க்கரையும் தாதுக்களும் நுண்நாளச் சுவர் வழியே கிண்ணத்துக்குள் வடிகின்றன. ரத்த அணுக்களும் ஆல்புமினும் உள்ளேயே நின்றுவிட வேண்டும். அதற்கு மூன்று அடுக்குக் காவல் உண்டு: துளையுள்ள உட்சுவர், நடுவே ஒரு சவ்வு, வெளியே விரல்களைக் கோத்ததுபோல் பின்னிக்கொண்ட போடோசைட் செல்கள்.

இப்படி ஒரு நாளில் வடிவது சுமார் 180 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 12 குடம்! அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் குழல்கள் வழியே ரத்தத்துக்கே திரும்புகிறது. ஒருமுறை வடுவாகி மூடிய கண்டுக்குப் பதிலாகப் புதிது முளைப்பதில்லை. மிச்சமுள்ளவை அதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கும்.

அறிக்கையில் எங்கே வருகிறது?

ரத்தப் பரிசோதனைத் தாளில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்றொரு வரி இருக்கும். கண்டுகள் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிக்கின்றன என்பதன் கணிப்பு அது. கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்து. கிரியாட்டினின் 1.2 என்று வைத்துக்கொள்வோம். 30 வயது ஆணுக்கு வடிகட்டும் வேகம் 80க்கு மேல் இருக்கும். 65 வயது அம்மாவுக்கு அதே 1.2இல் 50 அளவுக்கு இறங்கியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் செயலிழப்பு.

மருத்துவர் 'குளோமருலோநெஃப்ரைட்டிஸ்' என்று எழுதியிருந்தால் கண்டுகளில் அழற்சி என்று பொருள். 'ஸ்கிளீரோசிஸ்' என்று முடிந்தால் கண்டு இறுகி வடுவாகியிருக்கிறது.

ஒழுகலை முன்னரே பிடிக்க

சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இந்தக் கண்டுகளை அரிக்கின்றன. வலி இருக்காது. வேகம் குறையும் முன்பே ஆல்புமின் கசியத் தொடங்கிவிடுவது பலருக்கு நடக்கிறது. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் சிறு கசிவு தப்பிவிடும். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் 'ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம்' பார்க்கும்படி கேட்டு வாங்குங்கள். 30க்கு மேல் வந்தால் மறுபடி செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

கழிவறையில் அடங்காத நுரை, காலையில் இமை வீக்கம் இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். தொண்டைப் புண்ணோ தோல் புண்ணோ வந்து சில வாரங்களுக்குள் குழந்தைக்குச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் தானே வாங்கிப் போடும் மாத்திரைகளில் பல, கண்டுக்குள் வரும் ரத்தத்தைக் குறைப்பவை என்பதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கசிவைக் குறைக்கத் தரும் சில கொதிப்பு மாத்திரைகள், கண்டிலிருந்து வெளியேறும் குழாயை விரித்து உள்ளழுத்தத்தைத் தணிக்கின்றன. தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; தாளை எடுத்துக்கொண்டு, எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போங்கள்.