உருளைக்கிழங்குத் தோட்டத்தில் எம் பிள்ளைப் பருவம்

உதகமண்டலத்திற்கு அப்பால், மலைச் சரிவொன்றிலே எம் குடும்பத்திற்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. படிப்படியாக வெட்டித் திருத்திய அந்நிலத்தில் தந்தையார், அன்னை, பாட்டியார், பிள்ளைகள் நால்வர் ஆக எழுவரும் பாடுபட்டோம். கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் நீலகிரியில் வேரூன்றிய உருளைக்கிழங்கு, 1960-களில் எம்போன்ற பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. நாங்கள் பயிரிட்டது ‘கிரேட் ஸ்காட்’ என்னும் இனம்.

விதைக்கிழங்கை முளை ஒடியாமல் ஏந்திச் சாலில் இடுவது சிறுவர் வேலை. செடி ஒரு சாண் உயர்ந்ததும் பெரியவர்கள் இருபுறமும் மண் அணைப்பர். மண்ணுக்கு வெளியே தலைகாட்டும் கிழங்கு வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமாகும், கசக்கும், உண்ண ஆகாது. அறுவடையில் மண்வெட்டி பட்டவை தனிக் கூடைக்குப் போகும். அவையே எங்கள் இரவுணவு. (வெட்டுப்படாத கிழங்கை வீட்டில் உண்டதாக நினைவே இல்லை!) நல்லவை மூட்டையாகி மேட்டுப்பாளையம் மண்டிக்குச் செல்லும். விலைச் சீட்டு வரும்வரை தந்தையாரின் முகத்தை நாங்கள் ஏறிட்டுப் பாரோம்.

மூடுபனியும் தூறலும் சில நாள் நீடித்தால் இலையில் கருந்திட்டுகள் தோன்றும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்போம். ஓராண்டு அம்மருந்தும் பயனளிக்கவில்லை. ஒரே வாரத்தில் வயல் முழுதும் கருகி, அழுகல் நாற்றம் வீட்டுக்குள்ளும் நிறைந்தது. பரணில் விதைக்கிழங்கு மட்டுமே எஞ்சியது. அரிசிப் பானை ஒழிந்த அன்று, “பிள்ளைகளுக்கு அதில் நாலு அவித்துக் கொடுப்பா” என்றார் பாட்டியார். “விதையைத் தின்றுவிட்டால் அடுத்த போகத்திற்கு எதை ஊன்றுவது, அம்மா?” என்று தந்தையார் கேட்டார். அன்னை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவர் காதில் தோடு இல்லை. பானையில் அரிசி இருந்தது.

1968-இல் வெளிவந்த ‘குஃப்ரி ஜோதி’ இனம் அந்நோயைத் தாங்கி நின்றது. ஆயினும் வேறொரு பகை மண்ணுக்குள் இருந்தது. 1961-இலேயே நீலகிரியில் கண்டறியப்பட்ட நூற்புழு, பின்னர் எம் நிலத்தையும் எட்டியது. செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகினும் சிறிய மஞ்சள் மணிகள்! உருளைக்கிழங்கு பயிரிடாமல் விட்டாலும் அவற்றின் முட்டைகள் பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். முட்டைக்கோசும் காரட்டும் மாற்றி மாற்றிப் பயிரிட்டுப் பார்த்தோம். கடன் ஏறிற்று. 1975-இல் தந்தையார் தேயிலை நட்டார். இடையிடையே தானாக முளைத்த கிழங்குச் செடிகளை, புழுவுக்கு இரையாகுமென்று அவரே பிடுங்கி எறிந்தார். பாட்டியார் அப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இரு பகைகளையும் எதிர்க்கும் ‘குஃப்ரி சுவர்ணா’ 1985-இல் வெளிவந்தபோது எங்கள் தேயிலைக்குப் பத்து வயது. தந்தையார் அதில் அரை மூட்டை விதை வாங்கி வந்து, அடிப்படியில் மட்டும் ஊன்றினார்.